ஏழு தடவை உருண்டேன்

அன்று காலை அந்த வகுப்பறையில் நான் ஏழு தடவை தரையில் உருண்டேன்.

உருளுவது என்றால் கோயில் பிராகாரத்தில் பக்தியோடு உருளுவது மாதிரி இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ அம்மா, செத்தேன்" என்று அலறி, மேசைக்கால் வரைக்கும் போய், தொப்பை இடித்து நின்று, வந்த வழியே திரும்பி வருவது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். "மூணு... நாலு..." என்று எண்ணவும் செய்தார்கள். சட்டை முதுகெல்லாம் சாக்பீஸ் பொடி. மூக்குக்குள் பினாயில் வாசனை.

சிரிக்காமல் நின்றது ஒரே ஒரு பிள்ளை. நான் எழுந்து சட்டையைத் தட்டுகிறவரை காத்திருந்தாள். தட்டி முடித்ததும் கையிலிருந்த அட்டையை மறுபடி என் கையில் வைத்தாள். நான் மறுபடி உருண்டேன்.

போன வாரம் நான் ஸ்கூட்டரோடு கண்மாய்க்குள் இறங்கிய கதையைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரமும் விழுகிறேன். ஆனால் சிரிப்பைக் கொஞ்சம் கையில் பிடித்து வைத்திருங்கள்.

ஸ்பெஷல்

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சிறப்பாசிரியர். பேச்சு வராத, காது கேளாத, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள் எந்தெந்த அரசுப் பள்ளியில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் கிழமை வைத்துப் போகிறவன். செவ்வாய் திருமங்கலத்துக்குத் தெற்கே. வியாழன் அலங்காநல்லூர்ப் பக்கம். மற்ற நாள் மற்ற திசை. காண்ட்ராக்ட் வேலை. இந்த வருடம் உண்டு, அடுத்த வருடம் கடவுளும் அதிகாரியும் பார்த்துச் சொல்வார்கள்.

பெரிய லட்சியத்தோடு இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று எழுதினால் என் வீட்டுக்காரியே பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் போடுவாள். சாதாரண பி.எட். கிடைக்காமல் கல்லூரி ஜன்னலில் முழித்துக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்தவர், "ஸ்பெஷல் பி.எட். இருக்கு தம்பி, உடனே சேரலாம்" என்றார். ஸ்பெஷல் தோசையும் ஸ்பெஷல் பஸ்ஸும் தெரிந்த மதுரைக்காரன் நான். நெய் கொஞ்சம் கூட விட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வேலையில் என் அடையாளம் ஒரு பை. தோளில் மாட்டும் பெரிய நீலப் பை, வாய் முழுக்க ஜிப். உள்ளே படஅட்டைகள், மணி, பந்து, ரப்பர் பொம்மை, கடலைமிட்டாய். ஊருக்குள் நுழைந்தால் பாத்திரச் சீட்டுக்காரன் என்று பாதிப்பேரும், எல்.ஐ.சி. ஏஜெண்டு என்று மீதிப்பேரும் நினைப்பார்கள். பிள்ளைகள் வைத்த பெயர் 'பை சார்'.

அந்தப் பையைப் பற்றி ஒரு விஷயம் முக்கியம். ஆரம்பத்தில் அட்டைகளை அந்தந்தப் பள்ளியிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன். அடுத்த வாரம் போனால் ஒரு பள்ளியில் அவை பீரோவுக்குள் பூட்டியிருக்கும். இன்னொரு பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று அத்தனை அட்டையையும் நூலில் கோத்து உத்தரத்தில் தோரணமாகக் கட்டிவிட்டார்கள். பேச வராத பிள்ளை கீழே நின்று, தன் தண்ணீர் அட்டை காற்றில் ஆடுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அட்டை என் பையைவிட்டு இறங்கவில்லை. நான் போகும்போது அதுவும் போகும். அலுவலகக் கூட்டத்தில் யாருடைய அட்டை கிழியாமல் தொலையாமல் இருக்கிறது என்று பார்த்தால் நான்தான் முதல். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஜன்னலுக்குக் கீழே

அழகுமீனாவை முதலில் பார்த்தபோது கடைசி ஜன்னலுக்குக் கீழே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டில் மூடியைச் சுற்றிவிட்டு, அது நிற்கிறவரை பார்த்து, மறுபடி சுற்றினாள். ஒன்பது வயது. ரெட்டைச்சடை. பேச்சு கிடையாது. மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைத் தரையில் பரப்பும் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடுவாள்.

வகுப்பாசிரியை ஜெசிந்தா டீச்சர் நல்ல மனுஷி. "சார், இவளைப் பிடிக்கவே எனக்குத் தனியா ரெண்டு கால் வேணும். மத்த பிள்ளைகளுக்கு எப்பப் பாடம் நடத்துறது?" என்பார். கேள்வி நியாயமானது. பதில்தான் யாரிடமும் இல்லை. அவளுக்கு ஆட்டிசம் என்று சான்றிதழ் உண்டு. அந்தச் சான்றிதழுக்காக அரசு கொடுத்தது என்னை. அதுவும் வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அவள் ஆட்டிசம் இல்லாத பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

அம்மா பாண்டீஸ்வரி. முறுக்குக் கம்பெனியில் வேலை. கைகளில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், நல்ல நாளுக்கு வருவார். மகளை விடவும் அழைக்கவும் பாண்டீஸ்வரிதான்.

"என்ன கேக்குறாண்டு தெரியாது சார். அழுவா. நானா ஒண்ணொண்ணாக் காட்டுவேன். சோறா, தண்ணியா, வெளிய போகணுமா. எதுலயாச்சும் அழுக நின்னுச்சுண்டா அதான் போலண்டு நெனச்சுக்குவேன்."

அட்டை முறை இதற்குத்தான். கடலைமிட்டாய் வேண்டுமா? மிட்டாய்ப் படத்தை எடுத்து எதிராளி கையில் வை. வைத்த கையோடு மிட்டாய் வரும். பேச்சு வேண்டாம், அழுகை வேண்டாம். பிள்ளைக்குப் புரிய வேண்டியது ஒன்றே ஒன்று: நான் ஒன்றைக் கொடுத்தால் ஒரு மனிதர் அதற்குப் பதில் செய்வார்.

மூன்றாம் செவ்வாய்க்கிழமை புரிந்துகொண்டாள். மிட்டாய்ப் படத்தை என் உள்ளங்கையில் வைத்து, முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மிட்டாய் வந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி வந்தது. வாசலில் நின்று பார்த்த பாண்டீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், இத வீட்டுக்குத் தருவீகளா?"

"அடுத்த வாரம் தனியா ஒரு செட் லேமினேட் பண்ணித் தாரேன்" என்றேன்.

அந்த அடுத்த வாரத்துக்கு எத்தனை அடுத்த வாரம் பிறந்தது என்று நான் எண்ணவில்லை. அவரும் இன்னொரு தடவை கேட்கவில்லை. சாரை எத்தனை தடவை கேட்பது என்று இருந்திருப்பார்.

என் மூஞ்சி

எனக்குப் படம் வராது. அலுவலகத்தில் தந்த அட்டைகள் போதாமல் நானே வரையப் போய்ப் பட்ட அவமானங்கள் தனி அத்தியாயம். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் காளை மாடு அட்டையைப் பெருமையாக நீட்டினேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது வாடிவாசல் தாண்டாது. வீட்டுல கட்டிப்போட்டுப் பாலு கறங்க" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மீனா கால் விரலை ஊன்றி நடப்பதைப் பார்த்தேன். அது அவள் வழக்கம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் குளிப்பாட்டும்போதுதான் பாண்டீஸ்வரி பார்த்திருக்கிறார். குதிகாலில் கருவேலமுள், சீழ் வைத்து. இரண்டு நாள் அதோடு நடந்திருக்கிறாள்.

அதைக் கேட்டதும் 'வலி' அட்டை ஒன்று வரைந்தேன். கண்ணாடியைப் பார்த்து வரைவது மட்டும் ஓரளவு வரும் என்பதால் அட்டையில் இருந்தது நான்தான். மீசை, உளுந்தவடை மாதிரி ஓட்டையாகத் திறந்த வாய், வயிற்றில் ஒரு கை. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "உள்ளதைவிட நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வலி என்றால் என்ன என்று அவளுக்குக் காட்ட வேண்டுமே. அட்டையை அவள் கையில் கொடுத்து, என் கையில் வைக்கச் செய்து, வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ" என்றேன். முறைப்படி அங்கே நிறுத்தி, அவளிடம் எங்கே வலிக்கிறது என்று தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பின்னாலிருந்து பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் நிறுத்தத் தெரியாத பிறவி நான். கல்யாண வீட்டில் என்னிடம் மைக் கொடுக்காதீர்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவைப்பது சும்மா இல்லை. அப்படியே தரையில் சாய்ந்து ஒரு உருள் உருண்டேன்.

மீனா பார்த்தாள். கையை இல்லை, என்னை. அந்தப் பிள்ளை ஒரு மனித முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு அட்டையை எடுத்து மறுபடி என் கையில் வைத்து, "ம்ம்ம்ம்" என்று ஒரு ஓசை இழுத்தாள். கீழேயிருந்து மேலே ஏறும் ஓசை. ராட்டினம் உச்சிக்குப் போகும்போது வயிற்றுக்குள் ஒன்று ஏறுமே, அந்த மாதிரி. உருண்டேன். சிரித்தாள். சத்தமாக, கழுத்தைப் பின்னால் சாய்த்து.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தொழிலில் உள்ளவர்களைக் கேளுங்கள். மிட்டாய் கேட்பது வேறு. ஒரு பிள்ளை இன்னொரு மனிதரை விளையாட்டுக்குக் கூப்பிடுவது வேறு. அது திருவிழா. மாதாந்திரக் கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். ஒருவர் செல்ஃபோனில் என்னை உருளச் சொல்லி வீடியோ எடுத்தார். அதற்கும் உருண்டேன்.

அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் ஜிப் திறந்ததும் அவள் தேடுவது என் மூஞ்சியைத்தான். வைப்பாள், "ம்ம்ம்ம்" என்பாள், நான் விழுவேன். அந்த அட்டைக்கு நான் வேறு ஒரு வேலை வைத்திருந்தேன் என்பது எனக்கே மறந்துபோனது.

நல்ல முன்னேற்றம்

இப்போது அந்த ஏழு தடவைக்கு வருகிறேன்.

நான் உள்ளே நுழைந்தபோது மீனா ஜன்னலுக்குக் கீழே சுருண்டு படுத்திருந்தாள். பாட்டில் மூடி சுற்றாமல் கிடந்தது.

"காலைல இருந்து சேட்டையே இல்ல சார்" என்றார் ஜெசிந்தா டீச்சர். "இன்னைக்கு நல்ல பிள்ளையா இருக்கா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பள்ளிகளில் அசையாமல் கிடக்கும் பிள்ளைதான் நல்ல பிள்ளை.

ஜிப்பைத் திறந்த சத்தத்துக்கு எழுந்து வந்தாள். அட்டைகளைக் கிளறி என் மூஞ்சியை எடுத்து வைத்தாள். உருண்டேன். எழுந்தேன். மறுபடி வைத்தாள். உருண்டேன். மிட்டாயை நீட்டினேன், தட்டிவிட்டாள். மறுபடி அந்த அட்டை. ஐந்தாவது தடவை கையில் வைக்கவில்லை, என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். பிள்ளைகள் "அஞ்சு" என்று கத்தினார்கள். ஆட்டிசம் பிள்ளைகள் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வார்கள் என்று படித்தவன் நான். படித்த படிப்பு அன்றைக்குத்தான் எனக்குப் பயன்பட்டது.

அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தேன். "ம்ம்ம்ம்" என்ற அந்த ஓசை ஒரு தடவைகூட வரவில்லை என்பதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பார்த்ததை யோசிக்கவில்லை.

ஏழாவது உருளலுக்குப் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'இன்று தூண்டுதல் இல்லாமல் தானாகவே ஏழு முறை அட்டையைப் பயன்படுத்தினாள். நல்ல முன்னேற்றம்.'

மணி அடித்தது. அட்டைகளைப் பைக்குள் அடுக்கினேன். என் மூஞ்சியை மட்டும் அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கும் எங்களுக்குப் பயிற்சி உண்டு. இழுக்கக் கூடாது, முதலில் கட்டைவிரலை மெல்லத் தூக்கினால் மற்ற விரல்கள் தானாக வரும். தூக்கினேன். வந்தன. ஜிப்பை மூடினேன்.

"அடுத்த செவ்வாய் பாப்போம், மீனாக்குட்டி" என்றேன்.

வியாழன்

ஜெசிந்தா டீச்சரின் ஃபோன் வியாழக்கிழமை பதினொரு மணிவாக்கில் வந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம், பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு பையனுக்குப் பந்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், மீனாவுக்குக் குடல்வால் வெடிச்சிருச்சாம். மதுரைக்குக் கொண்டுபோயிருக்காங்க. ஆபரேஷன் நடக்குதாம்."

பாதி வழியில் பார்த்தால் தலையில் ஹெல்மெட் இல்லை, எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. பை மட்டும் தோளில் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாண்டீஸ்வரி தரையில் உட்கார்ந்திருந்தார். முறுக்குக் கம்பெனித் தொப்பியைக் கழற்ற மறந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். புதன்கிழமை காலையிலிருந்து தலையைச் சுவரில் முட்டியிருக்கிறாள். வாந்தி. மெடிக்கலில் சொல்லி ஒரு சிரப் வாங்கி ஊற்றியிருக்கிறார். பயந்த கோளாறோ என்று கோயிலில் கயிறு கட்டியிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் உடம்பு கொதித்தது, வயிறு பலகையாக இருந்தது.

வெளியே வந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முகத்தில் தூக்கமே இல்லை. "செவ்வாய்க்கிழமையே நல்லா வலிச்சிருக்கும்மா. பிள்ளை யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையா?"

"அவளுக்குச் சொல்லத் தெரியாதும்மா" என்றார் பாண்டீஸ்வரி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பைக்குள், மேல் அறையில், மீசையோடும் திறந்த வாயோடும் இன்னொரு நான் இருந்தேன்.

டாக்டர் போனதும் பாண்டீஸ்வரி என்னைப் பார்த்துக் கேட்டார். "செவ்வாக்கெழமை நீங்க வந்தப்ப நல்லாத்தான சார் இருந்தா? ஏதாச்சும் இருந்திருந்தா நீங்க கண்டுபிடிச்சிருப்பீக. எனக்குத்தான் ஒரு மண்ணும் தெரியல."

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு

பிழைத்துக்கொண்டாள். ஆனால் சீழ் பரவி, இன்னொரு தடவை கத்தி வைத்து, மாதக்கணக்கில் படுக்கை. வீட்டுக்கு வந்தபோது பள்ளிச் சீருடை அவள் மேல் தொங்கியது. ரெட்டைச்சடையை வெட்டியிருந்தார்கள்.

பள்ளியில் ஒரு கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியர் பொல்லாதவர் இல்லை, பயந்தவர். "இனிமே அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுண்டா நாங்க பொறுப்பெடுக்க முடியாது சார். வீட்டுவழிப் பயிற்சிக்கு மாத்திருங்க" என்றார். மாற்றுவதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் நான். போட்டேன். ஒரு தாள் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் போனது. கடைசி ஜன்னலுக்குக் கீழே இப்போது துடைப்பம் வைக்கிறார்கள்.

பாண்டீஸ்வரி வேலையை விட்டுவிட்டார். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்க வேறு ஆள் இல்லை.

வீட்டுவழிப் பயிற்சி என்றால் அதே ஒரு மணி நேரம், அதே நான், இடம் மட்டும் வீடு. முதல் இரண்டு வாரம் எதையாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். மூன்றாவது வாரம் போனேன்.

பை

ஒரே அறை. சுவரோரம் பாயில் மீனா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பாண்டீஸ்வரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் ஏதாவது நகைச்சுவையைச் சொல்லித் தப்பித்துவிடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும். அந்த அட்டை என்னத்துக்கு என்று சொன்னேன். அதை நான் என்னவாக்கினேன் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை அவள் அதைத்தான் கொடுத்தாள் என்று சொன்னேன்.

பூண்டு உரித்த கை நின்றது.

"எத்தன தடவ சார்?"

"ஏழு."

"நீங்க என்ன செஞ்சீக?"

"உருண்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்ற தயாரிப்போடுதான் போயிருந்தேன். அவர் பூண்டுத் தோலையெல்லாம் ஒன்றாகக் கூட்டிக் கைக்குள் அள்ளினார்.

"ஒங்ககிட்ட ஏழு தடவ சொல்லியிருக்கா" என்றார். "எங்கிட்ட ஒரு தடவகூட ஒண்ணும் குடுத்ததில்ல சார். குடுக்க அவ கையில என்ன இருந்துச்சு?"

அடுத்த வாரம் தனி செட் தருகிறேன் என்று நான் சொன்ன குரல் என் காதிலேயே கேட்டது.

பையைத் திறந்து அத்தனை அட்டையையும் பாயில் பரப்பினேன். "இது இங்கயே இருக்கட்டும்மா. இனி வீட்டுலதான்."

மீனா திரும்பினாள். அட்டைகளைப் பார்த்தாள். ஒன்றொன்றாக எடுத்தாள். மிட்டாய், தண்ணீர், ஊஞ்சல், கக்கூஸ், என் மூஞ்சி. நான் அடுக்கும் அதே வரிசையில் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடி, பையைத் தூக்க முடியாமல் தூக்கி என் மடியில் வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுபடி பரப்பினேன். மறுபடி அடுக்கி மூடி மடியில் வைத்தாள். வயிற்றுத் தழும்பு இழுத்திருக்கும், குனிந்தபோது உதட்டைக் கடித்தாள். வாரக்கணக்கில் நான் கற்றுக்கொடுத்ததில் அவள் பிசகாமல் கற்றுக்கொண்டது இதுதான். அட்டைகள் சார் பைக்குள் போகும். சார் போவார்.

மூன்றாவது தடவை பரப்பக் கை வரவில்லை.

பாண்டீஸ்வரி எழுந்து வந்து என் மடியிலிருந்து பையை எடுத்தார். மகளுக்கு எட்டும் உயரத்தில், சட்டை மாட்டும் ஆணியில் மாட்டினார்.

"பை இருக்கட்டும். நீங்க கெளம்புங்க சார்."

கிளம்பினேன். தோளில் பை இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டுவது, மேல்சட்டை இல்லாமல் கல்யாணத்துக்குப் போனது மாதிரி இருந்தது. மறுநாள் வேறொரு பள்ளியில் பிள்ளைகள், "பை சார், பை எங்க?" என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அலுவலகத்தில் கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தேன். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்குத் தனியாக ஒரு பொய் எழுதினேன்.

அடுத்தடுத்த செவ்வாய்களில் போனபோதெல்லாம் பை ஆணியிலேயே இருந்தது. பாண்டீஸ்வரி தினமும் இறக்கி அட்டைகளைப் பரப்பி வைப்பாராம். மீனா அடுக்கி மூடுவாளாம். அவர் மறுநாளும் பரப்புவாராம். நான் போனால் ஒரு மணி நேரமும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டில் மூடியைச் சுற்றிவிடுவேன். அவள் அதைக்கூடப் பார்க்க மாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பாண்டீஸ்வரியின் ஃபோன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். திருமங்கலம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

"சார், குடுத்துட்டா."

"எதைம்மா?"

"ஒங்க மூஞ்சிய. எங்கையில வச்சுட்டு நிக்கிறா. அப்பிடியே ஆட்டோ புடிச்சு இங்க தூக்கியாந்துட்டேன். டாக்டரு வயித்த அமுக்கிப் பாத்தாக, காதுக்குள்ள பாத்தாக, பல்லப் பாத்தாக. ஒண்ணுமே இல்லங்கிறாக. ஆனா விடாம அதையே வைக்கிறா. இப்பவும் வைக்கிறா. என்னண்டு தெரியல சார்."

கூட்டச் சத்தத்துக்கு நடுவே, ஃபோனுக்கு மிகப் பக்கத்தில், ஒரு ஓசை கேட்டது. கீழேயிருந்து மேலே ஏறுகிற ஓசை.

"ம்ம்ம்ம்."

ஃபோனைக் காதோடு அழுத்தினேன்.

"அது வலி இல்லம்மா" என்றேன். "அந்தச் சத்தத்தை நல்லாக் கேட்டு வச்சுக்கங்க. சத்தம் போட்டுக் குடுத்தா வெளையாட்டு. சத்தம் இல்லாமக் குடுத்தா ஒரு நிமிசம் நிக்காதீங்க, இன்னைக்கு மாதிரி ஓடியாந்துருங்க. நாளைக்கே ரெண்டுக்கும் தனித்தனி அட்டை வரைஞ்சு கொண்டாரேன். நாளைக்கு. அடுத்த வாரம் இல்ல."

"வெளையாட்டா?"

"வெளையாடக் கூப்பிடுறா."

"யார சார்?"

"உங்களை."

யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.

"என்னையவா?" என்றார் பாண்டீஸ்வரி.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், அவர் அதைச் செய்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.